நான் விழுங்கிய பாதி வாக்கியம்

நைனா,

உன் பெட்டியில் இஸ்திரி போட்ட சட்டைகளுக்குக் கீழே இதை வைத்திருக்கிறேன். முதல் வேலைக்குக் குடுபல்லி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்து, ரூமைப் பெருக்கி, சட்டைகளை எடுத்து மாட்டும்போதுதான் இது உன் கையில் படும். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், நானும் நிறுத்திவிடுவேன். தமிழை நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். தெலுங்கிலும் இங்கிலீஷிலும் படித்து டாக்டரானவன் நீ. இந்த எழுத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான்தான் உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். மெதுவாகப் படிப்பாய் என்பதற்காகவே இதைத் தமிழில் எழுதுகிறேன். படித்து முடித்ததும் உன்னோடு வேலை செய்கிறவர்களில் தமிழ் தெரிந்தவர்களுக்கும் கொடு. இதில் எனக்கு வெட்கம் உண்டு, ஆனால் மறைக்க எதுவும் இல்லை.

போன வாரம் நீ சாப்பிட்டுக்கொண்டே சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது. திருப்பதியில் ஹவுஸ் சர்ஜனாக இருந்த வருஷத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாய். ஆஸ்துமாக்காரர்களைப் பற்றிப் பேச்சு வந்ததும் உன் குரலே மாறிவிட்டது. "எழுதறதே வேஸ்ட்டும்மா. தெனம் இழுக்கற இன்ஹேலர் எழுதிக் குடுத்தா வாங்கறதில்ல. வாங்கனாலும் இழுக்கறதில்ல. ஒரு தபா ஆவி வெச்சி, ஒரு ஊசி போட்டு அனுப்பிச்சா சந்தோஷமா போறாங்க. அவங்களுக்கு அதான் வேணும்னா, நான் எதுக்குத் தொண்டத் தண்ணி வத்தப் பேசிக்கினு இருக்கணும்?" என்றாய். உனக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன். அது இலையின் ஓரத்தில் சிந்தியது. நீ கவனிக்கவில்லை. இதே பேச்சை, இதே சலிப்போடு, பல வருஷங்களுக்கு முன்னால் இன்னொரு டாக்டர் என்னிடம் தெலுங்கில் பேசியிருக்கிறார். அவரை அப்படிப் பேச வைத்தவள் நான்.

நான் முப்பது வருஷம் நர்ஸாக இருந்தேன் என்பது உனக்குத் தெரியும். அதில் பெரும்பகுதி, நகரியிலிருந்து புத்தூர் போகிற சாலையில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் கழிந்தது. இப்போது அந்தக் கட்டடத்தில் மொபைல் கடை நடக்கிறது. அங்கே ஆவி வைக்கிற மெஷின் என் பொறுப்பு. சுற்றிலும் பவர்லூம் ஓடுகிற ஊர். பஞ்சுத் தூசிக்கு நடுவிலேயே பிழைக்கிறவர்கள். இழுப்பு வந்து தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு விட்டுக்கொண்டு வருவார்கள். நான் மருந்தை ஊற்றி, மாஸ்க்கை முகத்தில் வைத்து, மெஷினைப் போடுவேன். கால்மணி நேரத்தில் தோள் இறங்கும், முகம் தெளியும். "உன் கை பட்டாத்தாம்மா எனக்கு மூச்சே வருது" என்று என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பெண்கள் உண்டு. அந்தப் புகழ்ச்சி எனக்குப் பிடித்திருந்தது, நைனா. அதே முகங்கள் அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும் வந்தபோது, ஏன் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. என்னை நம்பி வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் ஹேமா அங்கே வந்தபோது அவருக்கு உன் வயதுதான் இருக்கும். ஸ்ரீகாகுளம் பக்கத்துப் பெண். அவர் பேசிய தெலுங்கே நம் ஊருக்குப் புதுசு. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. நம் ஆட்களுக்குத் தெலுங்கு வரும் என்றாலும், உடம்பு முடியாத நேரத்தில் வாயில் வருவது தமிழ்தான். அதனால் அவர் பக்கத்தில் நின்று, அங்கே சொன்னதை இங்கேயும் இங்கே சொன்னதை அங்கேயும் சொல்வது என் வேலையாகிவிட்டது. படித்தது மனதில் பசுமையாக இருந்த பெண். இழுப்புக்காரர்கள் எல்லோருக்கும் இரண்டு இன்ஹேலர் எழுதினார். ஒன்று நீல பம்பு, மூச்சு முட்டுகிற நேரத்துக்கு. மற்றொன்று தினமும் இழுப்பதற்கு. உள்ளே இருக்கிற வீக்கத்தை அது மெல்ல மெல்ல வற்ற வைக்கும், இழுப்பு வராமலே தடுக்கும். உனக்கு இது பாலபாடம். எனக்கு அன்று இவ்வளவு தெளிவாகத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

அதற்கு ஒரு காரணம் உண்டு. சாக்கு அல்ல, காரணம். என் அப்பாவுக்கும் இழுப்பு இருந்தது. வருஷக்கணக்கில் மாத்திரையும் ஊசியுமாக ஓட்டினார். கடைசியில் சித்தூரில் ஒரு டாக்டர் முதன்முதலாக அவர் கையில் இன்ஹேலரைக் கொடுத்தார். நாலு மாதத்தில் அப்பா போய்விட்டார். நோய் முற்றிப்போன பிறகுதான் அது அவரிடம் வந்து சேர்ந்தது என்பது எனக்குப் புரியவில்லை. பம்பு கைக்கு வந்தால் முடிவு வந்துவிட்டது என்று மனசு முடிச்சுப் போட்டுவிட்டது. நர்ஸ் படிப்பு படித்தவள்தான் நான். படிப்பு ஒரு பக்கம் இருக்கும், அப்பாவின் முகம் இன்னொரு பக்கம் இருக்கும். எது ஜெயிக்கும் என்று சொல்ல முடியாது.

தேசப்பனை உனக்கு நினைவிருக்காது. அப்போது நாற்பது வயது இருக்கும். இன்னொருவர் ஷெட்டில் நாலு தறி பார்த்துக்கொண்டிருந்தான். தறிச் சத்தத்தில் பேசிப் பேசி, சாதாரணமாகப் பேசினாலும் கத்துகிற குரல். இழுப்பு வந்த நாளில் மட்டும் அந்தக் குரல் கம்மிப் போய், ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் நின்று நின்று வரும். அன்றைக்கும் ஆவி வைத்து முடித்து டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். டாக்டர் ஹேமா தினமும் இழுக்கிற இன்ஹேலரைக் காட்டிப் பொறுமையாகச் சொன்னார். இது ரெண்டு வேளை, காலையிலும் இரவிலும். இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். பிறகு விரலை உயர்த்தி, "பாகுன்னா கூடா, ரோஜூ தீஸ்கோவாலி" என்றார். நல்லா இருந்தாலும் தினமும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அர்த்தம். பிறகு என்னைப் பார்த்தார்.

வெளியே பெஞ்ச் நிறைந்து ஆட்கள் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்கள். நான் தேசப்பனிடம் சொன்னது இதுதான்: "ரெண்டு வேள இழுக்கணும். வாய் கொப்பளிக்கணும். மூச்சு முட்டனா இழுத்துக்கோ." கடைசி வாக்கியத்தை நான் மாற்றினேன். நல்லா இருந்தாலும் என்பதை விழுங்கிவிட்டேன். அவசரம் பாதி. நல்லா இருக்கிற மனுஷனை எதற்குத் தினமும் பம்பு பிடிக்க வைக்க வேண்டும் என்கிற என் சொந்த எண்ணம் மீதி. அவனிடம் மட்டுமல்ல, வந்த எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னேன்.

என்ன நடக்கும் என்று நீயே சொல்லிவிடுவாய். தேசப்பன் நன்றாக இருந்த நாட்களில் அதைத் தொடவில்லை. மூச்சு முட்டிய நாளில் எடுத்து நாலு முறை இழுத்துப் பார்த்தான். அது மூச்சை உடனே திறந்துவிடுகிற மருந்தே அல்ல. ஒன்றும் ஆகவில்லை. நேராக எங்களிடம் வந்தான். "மேடம், அது வேஸ்ட்டு. இழுத்துக்கினே இருக்கேன், ஒரு வேலையும் செய்யல. ஆவியே வெச்சி வுட்ருங்க" என்றான். அவனுக்குப் பின்னால் வந்தவர்களும் அதையே சொன்னார்கள். சிலர் சீட்டைக் கொண்டுபோனதோடு சரி. நர்சிங் ஹோமுக்குக் கீழே மெடிக்கல் ஷாப் வைத்திருந்த முனிரத்தினம் தன் பங்கைச் செய்தார். விற்காத மருந்தை ஏன் வாங்கி வைக்க வேண்டும் என்று நீல பம்பு மட்டும் வைத்திருந்தார். இன்னொன்றைக் கேட்டு வந்தவர்களிடம் "அது ஸ்டாக் இல்ல, இதும் அதும் ஒண்ணு தான்" என்று நீலத்தை எடுத்துக் கொடுத்தார்.

டாக்டர் ஹேமா ஆறேழு மாதம் போராடினார். பிறகு ஒரு நாள் பேனாவை மேஜை மேல் வைத்துவிட்டு, "இவங்களுக்கு இது வேண்டாம் போல சிஸ்டர், நான் எதுக்கு எழுதணும்?" என்று தெலுங்கில் சொன்னார். அன்றிலிருந்து அவரும் ஆவி, ஊசி, அஞ்சு நாள் மாத்திரை என்று மற்றவர்கள் வழிக்கு வந்துவிட்டார். வரிசை சீக்கிரம் நகர்ந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதும்போது பேனாவை ஒரு முறை கீழே வைத்துவிட்டுத்தான் மறுபடி எடுக்கிறேன்.

அந்த வருஷம் போகிப் பண்டிகை. விடிகிற நேரத்தில் ஊரெல்லாம் பழைய பாயும் டயரும் எரிந்து, தெருவே தெரியாத புகை. நான் டியூட்டி மாறுகிற நேரத்தில் தேசப்பனை ஒரு பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுவந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. கத்துகிற அந்த மனிதன் என்னைப் பார்த்து வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. அவன் பெண்டாட்டி சரோஜா பின்னால் ஆட்டோவில் வந்து இறங்கி, "நேத்திக்கு நல்லாத்தான் துன்னுட்டுப் படுத்தாரும்மா, நல்லாத்தான் இருந்தாரு" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆவி வைத்தோம். டாக்டர் ஊசி போட்டார், ஆக்சிஜன் வைத்தார். நான் கை வைத்தால் மூச்சு வரும் என்ற பேச்சு அன்று பலிக்கவில்லை. மார்பு ஏறி இறங்குவதே குறைந்துகொண்டு வந்தது. டாக்டர் ஹேமாவின் நெற்றியில் வியர்வை. "திருப்பதிக்கு அனுப்பணும், நீங்க கூடப் போங்க சிஸ்டர்" என்றார். 108 வந்தது. புத்தூர், வடமாலப்பேட்டை தாண்டித் திருப்பதி வரைக்கும் அவன் மணிக்கட்டை நான் விடவில்லை. சரோஜா அவன் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உள்ளே கொண்டுபோய் வாயில் குழாய் வைத்துவிட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு டாக்டர் வெளியே வந்தார். நம் பக்கத்து ஆள்தான், தமிழில் பேசினார். "இவருக்குத் தெனமும் இழுக்கற இன்ஹேலர் யாருமே குடுக்கலையா?" என்று கேட்டார். சரோஜா தன் பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக் குலுக்கிப் பார்த்தார். ஏறக்குறைய முழுசாக இருந்தது. "ஏம்மா, இத இழுக்கவே இல்லையே?" என்றார். சரோஜா என் தோளைத் தொட்டு, "மூச்சு முட்டனா இழுக்கச் சொன்னாங்க சார். இந்த அம்மாதான் நல்லா வெளக்கிச் சொன்னாங்க" என்றாள். அதில் குற்றச்சாட்டே இல்லை. நன்றியோடு சொன்னாள். நான் எவ்வளவு அக்கறையாக இருந்தேன் என்று அந்த டாக்டருக்குத் தெரிய வேண்டும் என்று சொன்னாள். அவர் என் யூனிபார்மைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். இன்ஹேலரை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருப்பேன்.

மூன்று நாள் குழாய். நாலாம் நாள் தேசப்பன் தானாக மூச்சு விட்டான். அவன் போயிருந்தால் இந்தக் கடிதத்தை எழுதுகிற துணிச்சல் எனக்கு இருந்திருக்குமா என்று தெரியவில்லை. அவன் வீடு திரும்பியதும் என் லீவு நாளில் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நான் நின்றபடியே சொன்னேன். "தேசப்பா, டாக்டரம்மா நல்லா இருந்தாலும் தெனம் இழுக்கணும்னுதான் சொன்னாங்க. நான்தான் உன்கிட்ட அத மாத்திச் சொன்னேன்." அவன் சிரித்தான். "வுடும்மா. நீ சரியா சொல்லியிருந்தா மட்டும் நான் இழுத்துக் கிழிச்சிருப்பனா?" என்றான். என்னை ஆறுதல்படுத்தச் சொன்னதா, உண்மையாகவே சொன்னதா, இன்று வரைக்கும் தெரியாது. பிறகு குரலைத் தாழ்த்தி, "தெனம் இழுத்தா அதுக்கே பழகிப் பூடும்னு ஷெட்டுல சொல்றாங்கோ. பொண்ணுக்கு வேற எடம் பாத்துக்கினு இருக்கோம். வூட்டுல பம்பு இருக்குதுன்னு தெரிஞ்சா இன்னா நெனைப்பாங்கோ?" என்று கேட்டான். இந்த ஒரு கேள்வியை நாங்கள் யாரும் அதுவரை அவன் வாயிலிருந்து வாங்கவில்லை, நைனா. அவன் மருந்தை மறுத்ததற்கு எங்களிடம் நூறு காரணம் இருந்தது. அவனுடைய காரணம் எங்களிடம் இல்லை. நான் என் அப்பாவின் கதையைச் சொன்னேன். எனக்கும் பம்பு என்றால் பயம் இருந்தது, அந்தப் பயத்தால்தான் அவனிடம் தப்பாகச் சொன்னேன் என்றேன். சரோஜா எழுந்துபோய், நான் திருப்பிக் கொடுத்த இன்ஹேலரைத் தினமும் கண்ணில் படுகிற மாதிரி பல்பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

தேசப்பனிடம் சொல்லிவிட்டேன். டாக்டர் ஹேமாவிடம் மட்டும் சொல்ல முடியவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் கொஞ்சம். அந்தப் பெண் என் மேல் வைத்திருந்த மரியாதை போய்விடும் என்ற பயம் நிறைய. ஆனால் அவரை மறுபடி எழுத வைக்க வேண்டும் என்று தவித்தேன். எப்படி என்று யோசித்தபோதுதான் ஒன்று புரிந்தது. நன்றாக இருக்கிற நாளில் யாரும் டாக்டரிடம் வருவதில்லை. மூச்சு முட்டுகிற நாளில் வருகிறவர்களிடம் போன மாதத்தைப் பற்றிப் பேச நேரம் இல்லை. ஆவி வைத்த பிறகு டாக்டர் "எப்படி இருக்கு?" என்று கேட்டால், முகம் தெளிந்து உட்கார்ந்திருக்கிறவர்கள் "பரவால்ல மேடம்" என்றுதான் சொல்வார்கள். அந்தப் பரவாயில்லையைக் கேட்டதும், வருஷக்கணக்கான மருந்தை எழுத டாக்டரின் கை எப்படி எழும்?

அதனால் மெஷின் ஓடுகிற அந்தக் கால்மணி நேரத்தில் நான் பேச்சுக் கொடுக்க ஆரம்பித்தேன். போன வாரம் இழுப்பால் எத்தனை ராத்திரி எழுந்து உட்கார்ந்தாய், நீல பம்பு எத்தனை நாளைக்கு வருகிறது, எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை என்று கேட்டு, பதிலை ஓ.பி. சீட்டின் மூலையில் தெலுங்கில் எழுதினேன். முதல் சீட்டு கங்காதர நெல்லூர் பக்கத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த பாக்கியம்மா என்கிற பெண்ணுடையது. அவளும் டாக்டரிடம் "பரவால்ல மேடம்" என்றுதான் சொன்னாள். டாக்டர் மாத்திரை எழுதப் போனவர் சீட்டின் மூலையைப் பார்த்து நின்றார். "வாரத்துக்கு மூணு ராத்திரி எழுந்து ஒக்காந்துக்கறீங்களா? நிஜமா?" என்று என் மூலமாகக் கேட்டார். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு, "அது எப்பவும் இருக்கறது தானே மேடம், அதப் போய் இன்னாத்துக்கு சொல்றதுன்னு வுட்டேன்" என்றாள். டாக்டர் தினமும் இழுக்கிற இன்ஹேலரை எழுதினார். பல மாதங்களுக்குப் பிறகு எழுதினார். அந்த முறை நான் அவர் சொன்னதில் ஒரு எழுத்தும் குறையாமல் சொன்னேன்.

அதோடு முடியவில்லை. முனிரத்தினத்திடம் போனால், "டாக்டர் எழுதனா தானே நான் வெப்பேன்" என்றார். டாக்டரிடம் போனால், "கடைல இருந்தா தானே நான் எழுத முடியும்" என்றார். இருவருக்கும் நடுவில் மாடிப்படியில் ஏறி இறங்கியே என் முட்டி தேய்ந்தது. கடைசியில் பத்து பேர் பெயரைச் சொல்லி, இவர்கள் மாதாமாதம் வருவார்கள், நான் பொறுப்பு என்றேன். அதன் பிறகுதான் வாங்கி வைத்தார். காலியான இன்ஹேலர் ஒன்றைக் கழுவி என் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். மருந்து வாங்கினவர்களை மேலே கூட்டி வந்து, எப்படி இழுப்பது, எவ்வளவு நேரம் மூச்சைப் பிடிப்பது என்று அதில் செய்துகாட்டிவிட்டு, அவர்களையும் செய்யச் சொல்வேன். பாதிப் பேர் அதுவரை மருந்தை நாக்கில் அடித்துக்கொண்டிருந்தார்கள். சீட்டில் மறுபடி வர வேண்டிய நாளை எழுதி, "நல்லா இருந்தாலும் வரணும்" என்று சொல்லி அனுப்பினேன். எல்லோரும் வரவில்லை. வந்தவர்களின் சீட்டு மூலையில் எழுந்து உட்கார்ந்த ராத்திரிகள் குறைந்திருந்தன. அதைப் பார்த்த ஒரு நாள் டாக்டர் ஹேமா சொன்னார்: "முன்னாடி நான் இருட்டுல எழுதிட்டு இருந்தேன் சிஸ்டர். எழுதினது என்ன ஆச்சுன்னே தெரியாது. இப்ப தெரியுது. எழுத தைரியம் வருது." அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். மாஸ்க்கைக் கழுவுகிற சாக்கில் நகர்ந்துவிட்டேன். அடுத்த வருஷம் அவர் மேல்படிப்புக்குப் போய்விட்டார்.

தேசப்பன் இப்போதும் இருக்கிறான். தறியை விட்டுவிட்டு மாங்காய் மண்டியில் கணக்குப் பிள்ளையாக இருக்கிறான். பெண்ணுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். போன புரட்டாசியில் அலிபிரியிலிருந்து படியேறித் திருமலைக்குப் போய்விட்டு வந்து, லட்டு கொடுக்க வந்தான். நீ வெளியே போயிருந்தாய். தெருக்கோடியிலிருந்தே "அம்மாவ்!" என்று கத்திக்கொண்டு வந்தான்.

நீ அன்று சாப்பாட்டு நேரத்தில் பேசிய பிறகு எனக்கு உட்கார முடியவில்லை. சந்தைக்குப் போவதாக உன்னிடம் சொல்லிவிட்டு, மறுநாள் திருப்பதிக்கு பஸ் ஏறினேன். டாக்டர் ஹேமா அங்கே கிளினிக் வைத்திருப்பது எனக்குத் தெரியும். டோக்கன் வாங்கிக்கொண்டு, நோயாளிகளோடு நோயாளியாக உட்கார்ந்தேன். கூப்பிட்டதும் உள்ளே போனேன். அவர் தலையில் நரை வந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். "சிஸ்டர், மீரா!" என்றார், நீங்களா என்று தெலுங்கில். இப்போது தமிழ் பேசுகிறார், தெலுங்கு வாடையோடு. உன்னைப் பற்றிக் கேட்டார். நான் உட்காரவில்லை. வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனதை ஒரே மூச்சில் சொன்னேன். நீங்கள் சொன்னதை நான் முழுசாகச் சொல்லவில்லை, தேசப்பனுக்கு அப்படி ஆனது அதனால்தான், நீங்கள் எழுதுவதை விட்டதும் அதனால்தான் என்றேன்.

அவர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "எனக்குத் தெரியும் சிஸ்டர்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "தேசப்பன் சொன்னானா?" என்று கேட்டேன்.

"இல்ல. வந்து மூணு மாசத்துல எனக்குத் தமிழ் புரிய ஆரம்பிச்சிடுச்சு. பேசத்தான் வரல. நீங்க அந்த வார்த்தைய வுடறீங்கன்னு எனக்குக் கேட்டுச்சு. ஒவ்வொரு தபாவும் கேட்டுச்சு."

"அப்ப ஏன் மேடம் என்ன ஒரு வார்த்த கேக்கல?"

"பயம்" என்றார். "அந்த ஊர்ல எனக்கு இருந்தது நீங்க ஒருத்தர்தான். அனுபவம் உள்ளவங்க. கேட்டா கோச்சிப்பீங்க, அப்புறம் நான் யார வெச்சிப் பேசுவேன்? வெளில வேற அவ்ளோ ஜனம். அடுத்த வாரம் சொல்லிக்கலாம், அடுத்த வாரம் சொல்லிக்கலாம்னு தள்ளிப் போட்டேன். அப்புறம், ஜனங்க இழுக்க மாட்டேங்கறாங்கன்னு எனக்கே சொல்லிக்கிட்டேன். அப்படிச் சொல்லிக்கிட்டா நிம்மதியா இருந்துச்சு." அவர் கண் கலங்கியிருந்தது. "போகி அன்னிக்கு உங்கள ஆம்புலன்ஸ்ல ஏத்தி அனுப்பிட்டு, உள்ள போய்க் கதவ சாத்திக்கிட்டு அழுதேன் சிஸ்டர். நீங்க தனியா தப்பு பண்ணல."

இத்தனை வருஷம் நான் ஒருத்தியே சுமந்துகொண்டிருந்ததாக நினைத்தது, மேஜைக்கு அந்தப் பக்கமும் இருந்திருக்கிறது. அவர் டீ வரவழைத்தார். வெளியே ஆட்கள் காத்திருந்ததால் சீக்கிரம் எழுந்துவிட்டேன்.

நைனா, கர்நாடக எல்லையில் இருக்கிற குடுபல்லியில் உனக்குத் தமிழும் தெலுங்கும் போதாது. கன்னடம் பேசுகிறவர்களும் வருவார்கள். நீ சொன்னதை அவர்களிடம் கொண்டுபோக, பக்கத்தில் ஒரு சிஸ்டர் நிற்பாள். அவளுக்கு உன்னைவிட இருபது வருஷம் அனுபவம் இருக்கலாம். அவளுக்கும் ஒரு அப்பா இருந்திருப்பார். உனக்கு ஏதாவது சரியாகப் படவில்லை என்றால், அடுத்த வாரத்துக்குத் தள்ளாதே. மரியாதையாக, தனியாக, அன்றைக்கே கேள். ஜனங்கள் கேட்பதில்லை என்று உன் மனசு உனக்குச் சொல்கிற நாளில், அவர்கள் காதுக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்று ஒரு முறை அவர்களையே திருப்பிச் சொல்லச் சொல். மருந்து எழுதுவது உன் கைதான். ஆனால் அந்தக் கையைத் தூக்கிவிடவும் அமுக்கிவிடவும் சுற்றிலும் எத்தனையோ கைகள் இருக்கின்றன. என்னுடையது அப்படி ஒரு கை.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணும்போது, எத்தனை பேரைப் பார்த்தாய் என்று நான் கேட்கப் போவதில்லை. சாப்பாடு எப்படி என்றும் கேட்க மாட்டேன். உன் பக்கத்தில் நிற்கிற அந்த சிஸ்டரின் பெயர் என்ன என்று கேட்பேன். "இல்ல சார், நீங்க சொன்னத நான் அப்படிச் சொல்லல" என்று உன் முகத்துக்கு நேராகச் சொல்ல அவளுக்குப் பயமில்லாமல் இருக்கிறதா என்று கேட்பேன். அதற்கு நீ ஆமாம் என்று சொல்கிற ஞாயிற்றுக்கிழமை, என் பிள்ளை டாக்டராகிவிட்டான் என்று நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

உன்
அம்மா